வெறும் சுளுக்கு

வேன் வந்து நின்றதும் நெல்சன் மேஸ்திரி விசில் ஊதினான். இன்னும் விடியவில்லை. கொட்டகை வாசலில் குந்தியிருந்த பெண்கள் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்கள். காசிமேட்டிலிருந்து வந்த இறாலை ஐஸோடு சேர்த்துத் தொட்டிகளில் கொட்டினார்கள். கைகள் உள்ளே போயின. முதலில் குளிர் சுள்ளென்று எலும்புவரை ஏறும். பிறகு எரியும். அதற்குப் பிறகு கை இருப்பதே தெரியாது. தெரியாமல் போன பிறகுதான் வேலை வேகம் பிடிக்கும்.

புஷ்பவல்லியும் டெபோராவும் ஜோடி. திருவொற்றியூர்க் கடலோரத்தில் இருந்த அந்தக் கொட்டகையில் யாரும் தனியாக உட்கார முடியாது. ஒருத்தி தலையைக் கிள்ளிப் போட வேண்டும். எதிரில் இருப்பவள் ஓட்டை உரித்து, முதுகைக் கீறி, கருப்பு நரம்பை இழுத்தெறிய வேண்டும். டிரே நிறைந்தால் கூலி ஜோடிக்கு. ஒருத்தி வராவிட்டால் மற்றவளுக்கும் அன்றைக்கு வேலையில்லை. காய்ச்சலோடும் வருவார்கள், தீட்டு வலியோடும் வருவார்கள். தனக்காக வராவிட்டாலும் எதிரில் இருப்பவளுக்காக வருவார்கள். பக்தவச்சலம் முதலாளி வாசல் கேட்டுக்குப் பூட்டுப் போட்டதே இல்லை. இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு பூட்டு எதற்கு?

அந்த வருஷம் டிரே கூலி குறைந்தது. வெளிநாட்டில் வாங்குகிறவன் விலையை இறக்கிவிட்டான் என்றார் முதலாளி. கொஞ்ச நாளில் இன்னொரு முறை குறைந்தது. அப்போது அவர் காரணம் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அதற்கடுத்து, சாக்கடையைக் குத்திவிடும் தேசப்பனை வேலையிலிருந்து நிறுத்தினார். இறால் தலையும் ஓடும் போய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் போக வழியில்லாமல் தரையில் ஏறி நின்றது. பழுப்பு நிறத்தில், மேலே நுரையோடு. கோழையைப் போலக் காலில் ஒட்டும். சோதனைக்கு ஆட்கள் வரும் நாளில் மட்டும் ரப்பர் பூட்ஸும் கையுறையும் தலைக்குத் தொப்பியும் கொடுப்பார்கள். வந்தவர்களின் கார் வாசலைத் தாண்டியதும் நெல்சன் சாக்குப் பையோடு வந்து எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொள்வான். மற்ற நாளெல்லாம் வெறுங்கால்.

"மேஸ்திரி, காவா அடைச்சிகினு கீது. கால வெக்க முடியல, வயுக்குது" என்று ரமாபாய் முந்தின வாரமே சொல்லியிருந்தாள். கொட்டகையில் எல்லோருக்கும் மூத்தவள் அவள்.

"கப்பல்ல வேல செய்ய வேண்டியவ இங்க வந்து மாட்டிகினியே" என்று சொல்லிவிட்டு நெல்சன் போய்விட்டான்.

அன்று காலை, நிறைந்த டிரேயைத் தராசுக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் புஷ்பவல்லி வழுக்கினாள். விழும்போது டிரேயைக் காப்பாற்றத்தான் கை முதலில் நினைத்தது. டிரே போய்விட்டது என்று தெரிந்த பிறகு உடம்பைக் காப்பாற்ற நினைத்தது. அதற்குள் தரை வந்துவிட்டது. விரித்த வலது உள்ளங்கை மேல் அவளுடைய எடை முழுவதும் இறங்கியது. மணிக்கட்டுக்குள் ஈரத்துணியைக் கிழித்தது போல ஒன்று நடந்தது.

"டிரே?" என்றான் நெல்சன்.

அவள் எழுந்து உட்கார்வதற்குள் இறாலைத்தான் பொறுக்கினார்கள். சாக்கடைத் தண்ணீரில் மிதந்ததைக் கூடையில் அள்ளி, குளோரின் தண்ணீரில் முக்கியெடுத்து, மறுபடி டிரேயில் கொட்டினார்கள். யார் தட்டிலோ, எந்த ஊரிலோ, எலுமிச்சைத் துண்டோடு போய் உட்காரப்போகிற இறால். அதைப் பார்த்துக்கொண்டே அவள் தன் கையைத் தொட்டி ஐஸுக்குள் புதைத்தாள்.

அவர்கள் எல்லோரும் செய்வதுதான் அது. கத்தி கீறினாலும் இறால் கொம்பு குத்தினாலும் கையை ஐஸில் வைத்துவிடுவார்கள். வலி நின்றுவிடும். நின்றதும் வேலையைத் தொடர்வார்கள். வலி நின்றால் சரியாகிவிட்டது என்றுதான் அந்தக் கொட்டகைக்குத் தெரியும். புஷ்பவல்லிக்கும் வலி நின்றது. வீங்கிய கையால் அவள் தலை கிள்ளத் தொடங்கினாள்.

"போதும்மே, எயுந்து வூட்டுக்குப் போ" என்றாள் டெபோரா.

"நா போனா உனுக்கு ஜோடி யாரு? கம்முனு உரி."

வெயில் ஏறியதும் பக்தவச்சலம் வந்தார். வெள்ளை வேட்டி, சந்தன வாசனை. தண்ணீர் படாமலிருக்கச் செங்கல் மேல் கால் வைத்து வந்து புஷ்பவல்லியின் பக்கத்தில் நின்றார். விஷயத்தை நெல்சன் சொன்னான். அவர் குனிந்து, அவள் வீக்கத்தை ஒற்றை விரலால் அமுக்கிப் பார்த்தார், பழுத்திருக்கிறதா என்று மாம்பழத்தைப் பார்ப்பது போல. பிறகு பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து, அந்த விரலில் மட்டும் கை கழுவும் மருந்தைப் பிதுக்கித் தேய்த்துக்கொண்டார். எலுமிச்சை மணம் வந்தது.

"பாத்தியா நெல்சா, கை இம்மாம் வீங்கிகினு கீது, மூஞ்சில ஒரு சுருக்கம் உண்டா? இதாம்பா வேலக்காரி."

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. அவளை யாரும் புகழ்ந்து பல காலம் ஆகியிருந்தது. புருஷன் பாஸ்கர் விசைப்படகில் போனால் வாரக்கணக்கில் கடலில் கிடப்பான். கரைக்கு வந்தால் தூங்குவான். அன்றைக்கு அவள் இன்னும் வேகமாகக் கிள்ளினாள்.

சாயங்காலம் ஐஸை விட்டு வெளியே வந்ததும் கை திரும்பி வந்தது. வீட்டுக்கு நடக்கிற வழியிலேயே, விரல் விரலாக, வலி ஏறிக்கொண்டு வந்தது. குழாயைத் திருக முடியவில்லை. ரவிக்கையின் ஊக்கைக் கழற்ற முடியவில்லை. இடது கையால் சோற்றை அள்ளித் தின்றாள். தின்னும்போது விரல்களில் இறால் நாற்றம் அடித்தது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத நாற்றம் அது. பழகிப்போனது என்று நினைத்திருந்தாள். அன்றைக்குப் பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளிவிட்டாள். நாற்றம் மாறியிருக்காது, தனக்குத்தான் ஏதோ மாறிவிட்டது என்று தோன்றியது. என்னவென்று தெரியவில்லை.

மறுநாள் காலை அது தெரிந்தது. ரமாபாய் வேலைக்கு நடுவே தொட்டியிலிருந்து கையை எடுத்து, கட்டைவிரலைப் பிடித்து உதறினாள். பின்னால் நின்ற பக்தவச்சலம் கேட்டார்.

"இன்னாம்மா, கையத் தூக்கிகினு?"

"வெரலு மடங்க மாட்டேன்னுது மொதலாளி."

"அதோ புஷ்பா கையப் பாரு. பலா மாரி வீங்கிப்போய் வேல செய்யுது. உனுக்கு வெரலு மடங்கலியா?"

ரமாபாய் புஷ்பவல்லியைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். மன்னிப்புக் கேட்பது போலப் பார்த்துவிட்டுக் கையைத் திரும்ப ஐஸுக்குள் வைத்தாள். அன்று மத்தியானத்துக்குள் அதே பேச்சை அவர் இன்னும் இரண்டு பேரிடம் சொன்னார். ஒருத்திக்கு இடுப்பு. இன்னொருத்திக்கு நகத்தடியில் சீழ். புஷ்பா கையப் பாரு, புஷ்பா கையப் பாரு. நெல்சனும் சொல்லத் தொடங்கினான்.

புஷ்பவல்லி தன் கையைப் பார்த்தாள். ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்து, மணிக்கட்டில் நீலம் பாய்ந்து, கரையில் ஒதுங்கி ஊதிப்போன மீனைப் போலக் கிடந்தது அது. தன் கையாகவே தெரியவில்லை. ஆமாம், அது இப்போது அவருடைய கை. அதை எடுத்துத்தான் அவர் ஒவ்வொருத்தியையும் அடிக்கிறார். அடிக்கக் கொடுத்தது தன் கை, அதைச் சிரித்துக்கொண்டே கொடுத்தவளும் தானேதான். எழுந்து போய்ச் சாக்கடை ஓரமாக வாந்தி எடுத்தாள். தண்ணீர் ஓடாததால் அதுவும் அங்கேயே நின்றது.

சாயங்காலம் பக்தவச்சலம் எலும்புக்குக் கட்டுப் போடும் கட்டுக்காரன் ஒருவனை வரவழைத்திருந்தார். கொட்டகைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான் அந்த ஆள்.

"செலவு என்னுது. கட்டு போட்டுக்க, நாளைக்கி வேலைக்கி வந்துடு" என்றார் பக்தவச்சலம். குரலைத் தணித்துக்கொண்டார். "யார்னா கேட்டா, வூட்டாண்ட குழாயடில வுயுந்துட்டேன்னு சொல்லு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கம்பெனி பேரு எதுக்கு?"

கட்டுக்காரன் அவள் விரல்களை ஒரு கையிலும் முழங்கையை மறு கையிலும் பிடித்தான். "ஒரே இழுப்பு. நெட்டி வுட்டா சரியாப்பூடும்."

இழுத்தான். அவளுடைய சத்தத்தைக் கேட்டு டெபோரா ஓடிவந்தாள். வந்த வேகத்தில் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தது.

"வுடுய்யா கைய. பாய்மரமா அது, இழுத்துக் கட்டறதுக்கு?"

"டெபோரா, இது உன் வேல இல்ல" என்றார் பக்தவச்சலம்.

"ஜோடி மொதலாளி. நீங்க போட்டதுதான். அவ கை போனா என் சோறு போவுது. அப்ப என் வேலதான்."

மறுநாள் அவர்கள் இருவரும் வேலைக்குப் போகாமல் பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். டெபோராவின் புருஷன் வில்சனுக்குத் துறைமுகத்தில் மாதத்தில் பாதி நாள் வேலை கிடையாது. ஒரு நாள் கூலி போனால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்று புஷ்பவல்லிக்குத் தெரியும். பஸ்ஸில் அதைச் சொன்னாள். "மூடிகினு வா" என்றாள் டெபோரா. உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள் மீதிருந்து வந்த நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "ஜன்னலோரம் ஃப்ரீயா கெடச்சிது பாத்தியா" என்று டெபோரா சத்தமாகச் சொன்னாள்.

எலும்புப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். தூக்கம் கெட்ட கண்கள். ஆனால் கையை அவள் அமுக்கவில்லை. தன் உள்ளங்கையில் ஏந்தி வைத்துக்கொண்டு, கட்டைவிரலின் அடியில் இருந்த குழியை மெதுவாகத் தொட்டாள்.

"இங்க வலிக்குதா?"

"லேசா."

படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "முறிவு எதுவும் தெரியல. ஆபரேஷன் வேண்டாம். எலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருக்கிற நார் இருக்கு பாருங்க, அது இழுபட்டுக் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. அதாவது சுளுக்கு. ஆனா இந்தக் குழிக்குள்ள ஒரு சின்ன எலும்பு உண்டு. அது விரிசல் விட்டிருந்தா முதல் படத்துல தெரியாமலும் போகும். ரெண்டு வாரத்துல திரும்ப வந்து இன்னொரு படம் எடுக்கணும். கட்டாயம் வரணும்."

உள்ளே தகடு வைத்த நீலப் பட்டையை மணிக்கட்டில் மாட்டிவிட்டாள். "இதைக் கழட்டாம வேலையில்லாம கையை வெச்சிருக்கணும். நெஞ்சுக்கு மேல தூக்கி வையுங்க, வீக்கம் இறங்கும். விரலை மட்டும் அப்பப்ப மடக்கி நீட்டுங்க. வலி குறைஞ்சதும் என்ன பயிற்சின்னு நான் சொல்லித் தர்றேன். இழுக்கறது, நெட்டி எடுக்கறது, சூடு பறக்கத் தேய்க்கறது எதுவும் கூடாது. ஐஸைத் துணியில சுத்திக் கால் மணி நேரம் வைக்கலாம், அதுக்கு மேல வேண்டாம்."

புஷ்பவல்லிக்குச் சிரிப்பு வந்தது. "ஐஸா? விடிஞ்சா அடஞ்சா ஐஸ்லதான்மா கீது என் கை."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்குள்ளயே வெச்சுக்கிட்டு வேலையும் செஞ்சீங்களா?"

"வலி தெரியல."

"வலி தெரியாது. நார் கிழியறது நிக்காது. வலிதான் கையை நிறுத்துன்னு சொல்லும், நீங்க அதோட வாயைப் பொத்திட்டீங்க. ஓய்வு இருந்தாத்தான் ஐஸ் மருந்து. இதுக்கு முக்கியமான மருந்தே அந்த ஓய்வுதான்."

"அத்த எந்தக் கடைல விக்கறாங்க?" என்றாள் டெபோரா. டாக்டர் சீட்டை எடுத்தாள். எழுதிக்கொண்டே கேட்டாள்: "எப்படி விழுந்தீங்க?"

குழாயடி என்ற சொல் புஷ்பவல்லியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதோடு கூடவே எலுமிச்சை மணமும் வந்தது. அவள் அந்தச் சொல்லை விழுங்கினாள்.

"கம்பெனில. காவா அடச்சிகினு தண்ணி நிக்குது. வெறுங்கால்ல டிரே தூக்கினு போனேன்" என்றாள்.

மறுநாள் விடிகாலையில் இருவரும் கொட்டகைக்குப் போனபோது வேன் வந்துவிட்டிருந்தது. பெண்கள் தொட்டிகளில் கை வைத்திருந்தார்கள். அன்று சரக்கு அவசரம் போலிருக்கிறது, பக்தவச்சலம் விடியுமுன்பே வந்து நின்றார். மத்தியானத்துக்குள் குளிர்பதன லாரி ஏற வேண்டும். கேட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒருத்தி கையில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தாள்.

"இன்னாச்சி? எலும்பு உடஞ்சிட்ச்சா?" என்று கேட்டார் பக்தவச்சலம்.

"இல்ல மொதலாளி."

"ஆபரேஷன் சொன்னாங்களா?"

"வேணான்னாங்க. சுளுக்குதானாம். கைக்கு ரெஸ்ட்டு குடுக்கணும்னு…"

அவர் சிரித்தார். எல்லோருக்கும் கேட்கும்படி திரும்பினார். "கேட்டுக்கங்க. எலும்பு உடையல. கத்தி வெக்கல. வெறும் சுளுக்கு. இதுக்கு ஒரு நாள் லீவு, ரெண்டு பேரு, பஸ்ஸு, ஆஸ்பத்திரி." நீலப் பட்டையைச் சுட்டினார். "அத்தக் கயட்டிட்டு ஐஸ்ல கைய வெய். நீதானே எல்லாருக்கும் காட்டுனே, ஐஸ்ல வெச்சா சரியாப்பூடும்னு? முடியாதுன்னா கெளம்பு. டெபோரா, சடையங்குப்பத்துலேந்து ஆளு கூட்டியாந்துகிறேன். உமைமா. இனிமே அதான் உன் ஜோடி. போய்க் குந்து."

டெபோரா அசையவில்லை. புஷ்பவல்லிக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. போய் உட்கார்ந்தால் அதில் தப்பில்லை, தானே அவளைப் போகச் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. இந்த இடம் போனால் இன்னொரு கொட்டகையில் பட்டையோடு யார் சேர்ப்பார்கள்? பட்டையைக் கழற்றினால் இடம் இருக்கும், கை இருக்காது. ஒரு கணம் இடது கை பட்டையின் ஓரத்தைத் தொடவும் செய்தது.

அப்போது ரமாபாய் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு தொட்டிக்குள் கையை இன்னும் ஆழமாக அழுத்துவதைப் பார்த்தாள். கட்டைவிரல் அடியில் முட்டை போல ஒரு வீக்கம். இத்தனை நாள் அதை மறைத்துத்தான் அவள் தலை கிள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள்.

புஷ்பவல்லி சாக்கடைத் தண்ணீரில் இறங்கி அவளிடம் போனாள். "யக்கா, கைய வெளிய எடு."

"வாணாம்மே. எடுத்தா வலி வந்துடும்."

"வரட்டும். வந்தாத்தான் தெரியும். என் கையக் காட்டிதானே உன்ன மெரட்டுனாரு? இப்பப் பாரு என் கைய. கிழிஞ்சி கீது உள்ள. அது தெரியாம வேல செஞ்சேன் நானு. மொதலாளி நல்ல வேலக்காரின்னு சொல்றாருன்னு இளிச்சிகினு செஞ்சேன். என் கையப் பாத்து யாரும் இனிமே கைய உள்ள வெக்காதீங்க."

ரமாபாய் கையை எடுத்தாள். அவளுக்கு எதிரில் இருந்த ஜோடி எடுத்தாள். தலை கிள்ள ஆளில்லாமல் அவள் மட்டும் என்ன உரிப்பாள்? பக்கத்துத் தொட்டியில் எடுத்தார்கள். ஒருத்தி எடுத்தால் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களைக் கட்டிப்போட்ட ஏற்பாடு இப்போது தலைகீழாக வேலை செய்தது.

பிறகு, ஐஸிலிருந்து வெளிவந்த கைகளில் உணர்வு திரும்பத் தொடங்கியது. ஒருத்தி "ஸ்ஸ்" என்றாள். ஒருத்தி நகத்தடியைப் பார்த்துக்கொண்டாள். ஒருத்தி மணிக்கட்டை மடியில் வைத்து அழுதாள். இத்தனை வலி இந்தக் கொட்டகைக்குள் இருந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எல்லாம் ஐஸுக்குள் கிடந்திருக்கிறது.

"இன்னா நாடகம் இது? சரக்கு கெட்டுப்பூடும்" என்றார் பக்தவச்சலம்.

"காவாயக் குத்த தேசப்பனக் கூப்புடுங்க" என்றாள் டெபோரா. "பூட்ஸு சாக்குப்பைல தூங்குது, அத்த எடுத்துக் குடுக்க சொல்லுங்க. இவ கை ஆறுற வரைக்கும் இவ கூலி இவுளுக்கு வரணும், இவ எடம் இவுளுக்குத்தான். அப்பால ஐஸ்ல கை வெக்கிறோம்."

"வெறும் சுளுக்குக்கா?"

"ஆமா மொதலாளி. கத்தி வெக்கறவரைக்கும் காத்துகினு இருக்க முடியாது."

பக்தவச்சலம் கேட்டைப் பார்த்துக் கை அசைத்தார். "இந்தாம்மா, நீ வா உள்ள. இவளுங்க போனா போறாளுங்க. இன்னும் ஆளு கீதா உங்க ஊர்ல?"

உமைமா வாசல்படிவரை வந்தாள். தரையில் நின்ற தண்ணீரைப் பார்த்தாள். அவளுக்குத் தேங்கிய தண்ணீர் புதிதில்லை, ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்குள் வருவதுதான். பிறகு, மடியில் கிடந்த கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பூட்ஸ் குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

நெல்சன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி பையைத் தடவிப் போனைத் தேடினார்.

"அப்போ நா இங்கயே குந்திக்கிறேன்" என்று அவள் படியிலேயே உட்கார்ந்து தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள்.

பக்தவச்சலம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். லாரியைப் பிறகு அனுப்பச் சொல்கிறாரா, போலீஸைக் கூப்பிடுகிறாரா என்று உள்ளே சரியாகக் கேட்கவில்லை. எது வந்தாலும் வரலாம். நாளைக்கு இவர்களில் எத்தனை பேர் இந்த வாசலுக்கு வர முடியும் என்றும் யாருக்கும் தெரியாது. தொட்டிகளில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. இறாலின் மேல் படிந்திருந்த வெள்ளை போய் நாற்றம் மெல்ல எழுந்தது. புஷ்பவல்லி மூக்கைப் பொத்தவில்லை.

மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. நெஞ்சுக்கு மேல் தூக்கி வை என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. கவிழ்த்த டிரே மேல் உட்கார்ந்து, கையை எதன் மேல் வைப்பது என்று தேடினாள். சுவர் எட்டவில்லை. தொட்டியின் விளிம்பு தாழ்வு.

எதிரில் உட்கார்ந்திருந்த டெபோரா எழுந்து இந்தப் பக்கம் வந்தாள். ஒரே டிரேயில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, தோளைக் கொஞ்சம் சாய்த்தாள்.

"இங்க வெய்மே" என்றாள்.